“நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுங்க” என்றால்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் சண்டை போட்டான் என்று தனியார் பள்ளியில் ஒரு வாரமாக உள்ளே விடவில்லை. ‘சொந்த விருப்பத்தில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்குகிறேன்’ என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். தரலாமா?

தராதீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16-இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. 2019-இல் வந்த திருத்தம் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தவறியவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடம் கொடுத்தது. நீக்கத் தடை அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். நீங்களாக விலகியதாகக் கடிதம் இருந்தால், பிறகு ‘நீக்கினார்கள்’ என்று நிரூபிப்பது பெரும்பாடு.

இன்றே தலைமையாசிரியருக்கு எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணத்துக்காக, எதுவரை மகனை நிறுத்தியிருக்கிறீர்கள்? இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். பதில் வராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்குப் புகாரும், முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகலும் கொடுங்கள். பிரிவு 32, எழுத்துப் புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. மூன்று மாதம் என்பது ஒரு பருவமே போய்விடும் காலம். ஆகவே ‘விசாரணை முடியும்வரை வகுப்பில் அனுமதிக்க வேண்டும்’ என்பதைப் புகாரில் தனிக் கோரிக்கையாக எழுதுங்கள்.

உங்கள் பள்ளி சிறுபான்மை நிறுவனமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்: சிறுபான்மை நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பிளஸ் ஒன் மகளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஆன்லைன் வகுப்பு கேட்க உரிமை உண்டா?

பிரிவு 16 இந்த வயதுக்கு உதவாது. ஆனாலும் குற்றச்சாட்டைச் சொல்லாமலும் அவள் தரப்பைக் கேட்காமலும் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம். குற்றச்சாட்டையும், அவள் தரப்பைச் சொல்ல வாய்ப்பையும் எழுத்தில் கேளுங்கள். ஆன்லைன் வகுப்பைக் கட்டாயமாக்கும் விதி இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாமல், அந்த நாள்களில் நடக்கும் பாடங்களின் பட்டியலையும் வீட்டுப்பாடத்தையும் பள்ளியிடம் கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி, கல்வித் தொலைக்காட்சி இரண்டும் மாநிலப் பாடத்திட்டத்துக்குக் கைகொடுக்கும். வீட்டிலிருந்து செய்ய முடியாதது செய்முறை. மாநிலப் பாடத்திட்டத்தில் செய்முறை உள்ள பாடங்களில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30 மதிப்பெண். அது பள்ளி வழியாகத்தான் வர வேண்டும். தவறிய ஆய்வக வகுப்பை எந்தத் தேதியில் ஈடுகட்டுவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சி.பி.எஸ்.இ. என்றால் 75 சதவீத வருகைக் கணக்கையும் பாருங்கள்.

கட்டணப் பாக்கி என்று டி.சி.யை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதிய பள்ளி சேர்க்க மறுக்கிறது.

டி.சி.யைக் கட்டண வசூல் கருவியாக்கக் கூடாது, அதில் பாக்கி பற்றிக் குறிப்பு எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டாம் வகுப்புவரை, டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டமே தடை போடுகிறது.

பல இடங்களில் சிக்குவது எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவில். பழைய பள்ளி மாணவர் பெயரை ‘காமன் பூல்’ பகுதிக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். விடுவிக்காவிட்டால் குழந்தை வகுப்பில் இருக்கும், பதிவேட்டில் இருக்காது. பத்தாம் வகுப்பென்றால் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் இது பெரிய சிக்கலாகும். எமிஸ் எண்ணுடன் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். 14417 உதவி எண்ணிலும் சொல்லுங்கள்.

பேசாமல் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத வைக்கலாமா?

14 வயது நிரம்பியிருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம். ஆனால் தினமும் உட்கார வைத்துப் படிக்க வைக்க வீட்டில் ஒருவர் வேண்டும். வேறு பள்ளியில் இடம் கிடைக்கும் வாய்ப்பிருந்தால், முதலில் அதற்கே முயலுங்கள்.