சொத்து வரி நிலுவைக்கு ஜப்தி அறிவிப்பு: பூட்டிய வீட்டின் வாரிசுகள் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் தந்தையார் 2013ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். தென்மாவட்ட நகராட்சி ஒன்றின் எல்லைக்குள் அவர் பெயரில் 1,150 சதுர அடியில் ஒரு வீடு இருக்கிறது. அம்மா என்னுடன் பெங்களூரில் வசிக்கிறார்; அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். தந்தையின் மறைவுக்குப் பின் பூட்டியே கிடக்கும் அந்த வீட்டுக்கு யாரும் வரி கட்டவில்லை. சில நாள்களுக்கு முன் தந்தையின் பெயருக்கே எழுதப்பட்ட ஜப்தி அறிவிப்பு ஒன்றைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். வட்டி, குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 74,600 ரூபாயை 15 நாள்களுக்குள் கட்ட வேண்டுமாம். தந்தை தையல் கடை நடத்திய முன்னறைக்கு இன்னமும் கடை விகிதத்திலேயே வரி போட்டிருக்கிறார்கள். கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பும் மின்சாரமும் துண்டிக்கப்படும், வீடு ஏலத்துக்குப் போகும் என்று பில் கலெக்டர் தொலைபேசியில் சொன்னார். வீட்டை விற்க ஒருவரிடம் பேசி வைத்திருக்கும் நேரத்தில் இது வந்திருக்கிறது. வீடு கைவிட்டுப் போய்விடுமா? முழுத் தொகையையும் நான் ஒருத்தியே கட்ட வேண்டுமா? வட்டியை எதிர்க்க வழி உண்டா?

பதில்: வீடு உடனே கைவிட்டுப் போய்விடாது. ஆனால் அந்த 15 நாள் கெடுவை நீங்கள் எந்தப் பதிலும் கொடுக்காமல் கடக்க விடக் கூடாது. இத்தகைய வழக்குகளில் குடும்பங்களுக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் வரித் தொகையால் வருவதன்று. அறிவிப்பு வந்த பிறகும் எழுத்தில் ஒரு வரிகூடக் கொடுக்காமல் தொலைபேசியிலேயே பேசிக்கொண்டிருப்பதால் வருவது. ஆகவே வேறு எதையும் யோசிப்பதற்கு முன், அறிவிப்பு ஒட்டப்பட்ட நாளைக் குறித்துக்கொண்டு, அதன் முழுப் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். தமிழகத்தின் மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் அனைத்துக்கும் இப்போது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 பொருந்துகிறது. சட்டத்தின் பெயரில் 1998 என்று இருந்தாலும், அதற்கான விதிகள் 2023இல் வெளியான பிறகே அது முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை உங்கள் நகராட்சி 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் இயங்கி வந்தது. உங்கள் நிலுவை இந்த இரண்டு சட்டங்களின் காலத்திலும் பரவிக் கிடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வட்டியைப் பற்றிப் பேசும்போது அது பயன்படும்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை உரியதாகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. இந்த வரி சொத்தின்மீது முதல் பொறுப்பாக அமைகிறது. அதாவது வீடே வரிக்குப் பிணையாக நிற்கிறது. யார் குடியிருக்கிறார், யார் பூட்டிப் போனார், யார் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பிணையைப் பாதிப்பதில்லை. வீடு பூட்டிக் கிடந்தது என்ற காரணத்தால் வரி தானாகக் குறைவதும் இல்லை. காலியாக இருக்கும் கட்டடத்துக்குக் கழிவு கோர விரும்புபவர், அது காலியாக இருக்கும்போதே நகராட்சிக்கு எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். கடந்துபோன ஆண்டுகளுக்கு இப்போது கேட்டால் கிடைக்காது. வருத்தமாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

அறிவிப்பு இறந்துபோன தந்தையின் பெயரில் இருப்பதால் அது செல்லாது என்று உங்களுக்கு யாரேனும் யோசனை சொல்லக்கூடும். இறந்தவர் பெயரில் எடுக்கப்படும் நடவடிக்கை குறைபாடுடையது என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டுதான். எனினும் உரிமை கைமாறியதை உரிய காலத்துக்குள் நகராட்சிக்குத் தெரிவிக்கும் கடமை வாரிசுகளாகிய உங்களுடையது. அதை நீங்கள் செய்யவில்லை. அந்த வாதத்தில் வென்றாலும், சரியான பெயர்களில் புதிய அறிவிப்பு ஒன்று வந்து சேரும், அவ்வளவே. இடைப்பட்ட மாதங்களுக்கான வட்டிதான் கூடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைப் பதில் மனுவில் ஒரு வரியாகப் பதிவு செய்வேன். அதை மட்டும் நம்பி நிற்க மாட்டேன்.

காலவரம்பு பற்றியும் இப்படித்தான். பழைய பாக்கி காலாவதியாகிவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடவடிக்கையின் வகையைப் பொறுத்துக் காலவரம்பு மாறுபடும். ஆனால் அசையாச் சொத்தின்மீது பொறுப்பாக உள்ள பணத்தை வசூலிக்கத் தொடுக்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம், 1963இன் 62ஆவது இனம் 12 ஆண்டுகள் தருகிறது. உங்கள் நிலுவை 2014 ஏப்ரலில் தொடங்குவதாகத் தெரிகிறது. ஆரம்பத்தின் ஓரிரு அரையாண்டுகளைப் பற்றி வேண்டுமானால் வாதிடலாம், முழு நிலுவையையும் இதைக் கொண்டு தட்டிக்கழிக்க முடியாது.

இனி வசூல் நடைமுறைக்கு வருகிறேன். வரியைக் கட்டும்படி கோரும் கேட்பு அறிவிப்பு, அதற்குரிய கெடு, கெடு முடிந்ததும் ஆணையரின் கையொப்பமிட்ட ஜப்தி ஆணை, அதன்பேரில் அசையும் பொருள்களைக் கைப்பற்றுதல் என்பதே வழக்கமான வரிசை. உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரங்கள், தொழிற்கருவிகள் போன்றவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்பது நகராட்சி நடைமுறையிலும், நீதிமன்றத் தீர்ப்பாணைகளை நிறைவேற்றும் நடைமுறையிலும் நெடுங்காலமாக உள்ள பாதுகாப்பு. வீட்டையே விற்று வசூலிப்பது அதற்கும் அப்பால் உள்ள படி. அதற்கு முறையான ஆணையும் அறிவிப்பும் விளம்பரமும் வேண்டும். கதவில் ஒரு தாள் ஒட்டியதாலோ, பூட்டின்மேல் அரக்கு வைத்ததாலோ உங்கள் உரிமை நகராட்சிக்கு மாறிவிடுவதில்லை. விற்பனை நடக்கும் வரை எந்த நாளிலும் பணத்தைக் கட்டி நடவடிக்கையை நிறுத்தலாம். 74,600 ரூபாய் நிலுவைக்காக ஒரு குடியிருப்பு வீடு ஏலம் போகும் நிலை, குடும்பம் முற்றிலும் மௌனமாக இருந்தாலொழிய வருவதில்லை.

குடிநீர் இணைப்பைத் துண்டிப்பது வேறு விஷயம். அது நகராட்சியின் கையிலேயே உள்ள இணைப்பு. வரி நிலுவைக்காக அதைத் துண்டிப்பது மாநிலம் முழுவதும் வழக்கமாக நடக்கிறது. அதை வெற்று அச்சுறுத்தல் என்று எண்ண வேண்டாம். மின்சாரம் அப்படியன்று. மின்சாரச் சட்டம், 2003இன் 56ஆம் பிரிவு மின்சாரத்துக்கான பாக்கிக்காக மட்டுமே, அதுவும் 15 நாள் முன்னறிவிப்புக்குப் பிறகே, இணைப்பைத் துண்டிக்க அனுமதிக்கிறது. சொத்து வரிக்காக மின் இணைப்பைத் துண்டிக்க நகராட்சிக்கு அதிகாரம் இல்லை.

இப்போது தொகைக்கு வருவோம். உங்கள் வழக்கில் உண்மையான பலன் இங்குதான் இருக்கிறது. 74,600 என்ற ஒற்றை எண்ணை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அதைப் பிரித்துத் தரும்படி கேளுங்கள். ஒவ்வோர் அரையாண்டுக்கும் வரி எவ்வளவு, அதன் வட்டி எவ்வளவு, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் ஆகியவை தனித்தனியாக எவ்வளவு என்று கேட்புப் பதிவேட்டின் நகலுடன் தர வேண்டும். ஆணையருக்கு நேரடியாக மனுக் கொடுத்து அதன் நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெறுங்கள். அதே நாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கும் ஒரு மனு அனுப்புங்கள். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. வரிவிதிப்பு எண் உங்களிடம் இருந்தால், நகர்ப்புற உள்ளாட்சிகளின் இணையத் தளத்திலேயே அரையாண்டு வாரியான பாக்கியை இன்றே பார்த்துவிடலாம்.

கணக்கு கைக்கு வந்ததும் மூன்று இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ஒன்று, வட்டி. இப்போதைய விதிகளின்படி தாமதமாகும் வரிக்கு மாதம் 1 சதவீதம் தனி வட்டி விதிக்கப்படுகிறது; 2,400 ரூபாய் வரி 24 மாதம் நிலுவையில் இருந்தால் வட்டி 576 ரூபாய்தான், வட்டிக்கு வட்டி கிடையாது. இந்த விகிதத்தை 2014இலிருந்தே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால், 2023க்கு முந்தைய அரையாண்டுகளுக்கு எந்தச் சட்டப் பிரிவின்கீழ் வட்டி கணக்கிடப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 265ஆவது உறுப்பு. வரிப் பாக்கிக்கு வட்டி வசூலிக்க வேண்டுமானால் சட்டத்திலேயே அதற்குத் தெளிவான பிரிவு இருக்க வேண்டும் என்று இந்தியா கார்பன் நிறுவனத்துக்கும் அசாம் மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உங்கள் கையில் உள்ள வாதங்களில் வலுவானது இதுதான்.

இரண்டாவது, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த உயர்வு. சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று அரசு நிர்ணயித்தது; வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். உங்கள் வீட்டின் பரப்பு 1,150 சதுர அடி என்பதால் குடியிருப்புப் பகுதிக்கு 50 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியிருக்கக் கூடாது. அளவைப் பதிவேட்டில் 1,200ஐத் தாண்டி எழுதியிருந்தாலோ, கடை அறையை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் வணிகக் கட்டடமாக்கியிருந்தாலோ, வரி கணிசமாக வேறுபடும்.

மூன்றாவது, அந்த முன்னறை. கடை மூடப்பட்டதற்கு ஆதாரம் வேண்டும். கடைக்குத் தனி மின் இணைப்பு இருந்து, அது வணிக விகிதத்திலிருந்து வீட்டு விகிதத்துக்கு மாற்றப்பட்டிருந்தாலோ ஒப்படைக்கப்பட்டிருந்தாலோ, மின்வாரியத்தின் ஆவணம் நல்ல சான்று. பயன்பாட்டு மாற்றம் கோரித் தனி மனுக் கொடுத்து, நகராட்சி ஊழியர் நேரில் வந்து அளந்து பார்க்கும் நாளில் உங்களில் ஒருவர் அங்கே இருங்கள். திருத்தம் பெரும்பாலும் மனுக் கொடுத்த அரையாண்டிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்று எதிர்பாருங்கள். முந்தைய ஆண்டுகளுக்கும் கேளுங்கள், ஆனால் அதைக் கணக்கில் வைத்து விற்பனையைத் திட்டமிட வேண்டாம்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே, மறுக்க முடியாத தொகையை அறிவிப்பின் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். குடியிருப்பு விகிதத்தில் நீங்களே கணக்கிடும் அசல் வரியைக் கட்டி, 'எதிர்ப்பு உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்ற வாசகத்துடன் ஒரு கடிதம் கொடுங்கள். எந்த அரையாண்டு வரை வரவு வைக்கப்பட்டது என்பது ரசீதில் இருக்க வேண்டும். மீதித் தொகைக்குத் தவணை கேட்டு ஆணையருக்கு எழுதலாம். அது உங்கள் உரிமை அன்று, அவருடைய அனுமதியைப் பொறுத்தது, ஆனாலும் பெரும்பகுதியைக் கட்டியவரின் கோரிக்கைக்கு மதிப்பு கூடுதல். வட்டியைக் குறைத்துத் தருவதாக ஊழியர் யாரேனும் சொல்லி ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள். வட்டியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பில் கலெக்டருக்குக் கிடையாது.

நகராட்சி உங்கள் மனுவுக்குப் பதில் தராமல் ஜப்தியைத் தொடர்ந்தால், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது உறுப்பின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனுத் தாக்கல் செய்யலாம். சட்டத்தில் உள்ள மேல்முறையீட்டைப் பயன்படுத்தாமல் நேரே வருபவரை உயர் நீதிமன்றம் பொதுவாகத் திருப்பி அனுப்பும். ஆகவே வரிவிதிப்பு ஆணையில் குறிப்பிட்டுள்ள மேல்முறையீட்டுக் கெடுவைப் படித்துப் பாருங்கள். அசல் வரியைக் கட்டிய ரசீதும் ஒப்புகை பெற்ற மனுவும் கையில் இருந்தால் இடைக்காலத் தடை கேட்பது எளிதாகும். ஒன்றுமே கட்டாமல் தடை கேட்பவரிடம் ஒரு பகுதியைச் செலுத்திவிட்டு வரும்படி நீதிமன்றம் சொல்வது வழக்கம்.

நீங்கள் ஒருத்தியே கட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு, நகராட்சியைப் பொறுத்தவரை பாகப் பிரிவினை செய்யப்படாத வீட்டின் வரி பங்கு பங்காகப் பிரியாது என்பதே பதில். யாராவது ஒருவர் முழுதும் கட்டினால்தான் வீடு விடுபடும். உங்களுக்குள் கணக்கு வேறு. நீங்கள் இந்துக்கள் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீடு அம்மா, அண்ணன், நீங்கள் என மூவருக்கும் சம பங்காக வருகிறது. தந்தையின் தாயார் அப்போது உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பிறர் செலுத்தக் கடமைப்பட்ட பணத்தை, அதில் தமக்கு நலன் இருப்பதால் கட்டியவர், அவர்களிடமிருந்து திரும்பப் பெறலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 69ஆம் பிரிவு. கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்த உரிமையைக் கோர வேண்டும். அண்ணனுக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அறிவிப்பின் நகலை இணைத்து, அவர் பங்கைக் கேட்டு வையுங்கள். வழக்குப் போடுவதற்காக அன்று, பின்னாளில் மனத்தாங்கல் வராமல் இருப்பதற்காக. வரி கட்டியதால் மட்டும் உங்களுக்குக் கூடுதல் பங்கு வந்துவிடாது, வரி ரசீது உரிமைப் பத்திரமும் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கட்டி முடித்ததும் தந்தையின் இறப்புச் சான்றிதழுடனும் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழுடனும் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்யுங்கள்.

விற்பனையைப் பொறுத்தவரை, சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 55(1)(ஜி) பிரிவு, விற்கும் நாள் வரையிலான பொதுக் கட்டணங்களை விற்பவரே கட்ட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 100ஆம் பிரிவு, பொறுப்பு இருப்பதை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. நகராட்சி வரிக்கும் அந்தப் பாதுகாப்பு பொருந்தும் என்று அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்ட வீட்டை வாங்குபவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆகவே நிலுவையை அவரிடம் மறைக்காதீர்கள். கையில் பணம் இல்லையென்றால், முன்பணத்தில் ஒரு பகுதியை நகராட்சி ஆணையர் பெயரில் வரைவோலையாக அவரே எடுத்துக் கட்டவும், அத்தொகையை விலையில் கழித்துக்கொள்ளவும் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதலாம். சர்ச்சைக்குரிய வட்டியும் கடை விகித வித்தியாசமும் பின்னாளில் திரும்பக் கிடைத்தால் அது விற்பவர்களுக்கே உரியது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, அம்மா, அண்ணன், நீங்கள் ஆகிய மூவரும் கையொப்பமிடுங்கள். அண்ணனால் வர இயலாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகார ஆவணத்தை இப்போதே தயார் செய்யச் சொல்லுங்கள்.