டி டிரைவில் இருப்பது பிரதியா?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் நிலப் பத்திரங்களின் ஸ்கேன், பென்ஷன் காகிதங்கள், மறைந்த என் கணவர் எடுத்த போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன. பாதுகாப்புக்காக டி டிரைவிலும் ஒரு பிரதி போட்டிருக்கிறேன். இது போதுமா? மகள் திருச்சியில் இருக்கிறாள்.
– வாசகி, செம்மண்டலம், கடலூர்

பதில்: போதாது அம்மா. புதுச்சேரியில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களில் பலர் "டி-யில் இருக்குதே சார்" என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். சி, டி இரண்டும் 'டிஸ்க் 0' வரிசையிலேயே இருந்தால், உங்களிடம் பிரதியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் போடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மாதாமாதம் பென்ஷன் வந்ததும் புதியவற்றைச் சேர்த்தால் மறக்காது.

அந்த டிஸ்க்கும் அதே வீட்டு பீரோவில் இருந்தால்? 2015 மழையும், 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து மகளிடம் கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து போட்டோக்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்காத பிரதி எதற்கும் ஆகாது.

இணையத்தில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான். பத்திர ஸ்கேன்களுக்கு அது தாராளம். ஆனால் இரண்டும் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும்படி அதைக் கம்ப்யூட்டரோடு 'சிங்க்' செய்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், ஸ்கேன் மூலப்பத்திரம் ஆகாது. ஆனால் மூலம் நனைந்து போனால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்க ஆவண எண்ணும் பதிவான ஆண்டும் தேவைப்படும். இரண்டும் ஸ்கேனில் தெளிவாகத் தெரிகின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.