டயர் நாலும் ஒரே அளவா? ஃபோர்-பை-ஃபோர் கேள்வி பதில்

மேட்டுப்பாளையத்தில் 22 வருஷமா ஜீப் பட்டறை வெச்சிருக்கேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி), ஹவுசிங், ஷாஃப்ட் இதுதான் நம்ம வேலை. இன்ஜின், பெயின்ட், இன்சூரன்ஸ் கேட்காதீங்க. டயரால உள்ளே என்ன உடையும்னு கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

குன்னூர்: அண்ணா, புது மாடல் மஹிந்திரா தார் ஜீப். பின் டயர் ரெண்டு மட்டும் புதுசு போட்டேன். போன வாரம் எஸ்டேட் சேத்தைத் தாண்டி தார் ரோட்டுக்கு வந்தா, ஃபோர்-ஹையில (நாலு சக்கரமும் இழுக்கிற நிலை) இருந்து லிவர் வரவே மாட்டேங்குது. வண்டியை யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருந்துச்சு. டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சா?

போகலை, தம்பி. முறுக்கு ஏறி நிக்குது. உங்களது பார்ட்-டைம் வண்டி. ஃபோர்-ஹை போட்டா முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒண்ணாப் பூட்டிக்கும், நடுவுல டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) கிடையாது. 255/65 ஆர் 18 டயர் புதுசா இருக்கும்போது சுற்றளவு கணக்குப்படி 2,478 மி.மீ. முன்னாடி 5 மி.மீ. பட்டன் (தரையில படுற ரப்பர் கட்டை) தேஞ்சிருந்தா விட்டத்துல 10, சுற்றளவுல 31 மி.மீ. போச்சு. ஒரு கிலோமீட்டர் போக முன் சக்கரம் அஞ்சு சுத்து கூடச் சுத்தியாகணும். பூட்டின ஷாஃப்ட் விடாது. அப்போ ஏதோ ஒரு டயர் கிலோமீட்டருக்கு 12 மீட்டர் சறுக்கித்தான் ஆகணும்.

சேத்துல சறுக்கிடும், உங்களுக்கே தெரியாது. காஞ்ச தார் ரோட்டில் டயர் கவ்விக்கும். அந்த வித்தியாசம் கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு), ஷாஃப்ட், கிரவுன் பினியன் (ஆக்சில் கியர்), டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒவ்வொண்ணுலயும் முறுக்கா ஏறும். லிவரைக் கவ்வினது அதுதான்.

இதே நிலைமையில ஒரு வண்டி பட்டறைக்கு வந்துச்சு, அதுலயும் புது டயர் பின்னாடிதான். மத்த சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துட்டு முன் சக்கரம் ஒண்ணை ஜாக்கியில தூக்கினோம். தரையை விட்டு டயர் எழும்பின நொடி, யாரும் தொடாமலே ‘படக்’னு கால் சுத்து பின்னால திரும்புச்சு. பையன் பயந்து ஒதுங்கிட்டான். அப்புறம் லிவர் ஒத்தை விரல்ல வந்துச்சு. அந்தக் கால் சுத்தைத்தான் நீங்க எஸ்டேட்ல இருந்து இரும்புக்குள்ள சுமந்துட்டு வந்திருக்கீங்க.

வழியில சிக்கினா ஸ்டீயரிங்கை நேரா வெச்சு மெதுவா ரிவர்ஸ்ல அஞ்சாறு மீட்டர் போங்க, விட்டுக்கும். டூ-ஹையில (பின் சக்கரம் மட்டும் இழுக்கிற நிலை) ஓட்டுறவரை இந்தப் பின்-புதுசு முன்-பழசு பிரச்சினையே இல்லை. எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்: காஞ்ச தார் ரோட்டில் ஃபோர்-ஹை வேண்டாம்.

தேனி: ஜிம்னி. முன்னாடி கம்பெனி டயர் 195/80 ஆர் 15, பின்னாடி 215/75 ஆர் 15. ரெண்டும் 15தானே, ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரர் சொன்னாரு.

15ங்கிறது ரிம் அளவு. டயர் உயரம் முன்னாடி 693, பின்னாடி 703 மி.மீ. குன்னூர் தம்பி கதையேதான், அவரு தேஞ்சு வந்து சேர்ந்த இடத்துக்கு நீங்க காசு கொடுத்துப் போயிருக்கீங்க.

யாழ்ப்பாணம்: அண்ணை, என்னட்ட இருக்கிறது பழைய மொன்ரெரோ, சூப்பர் செலக்ட். பின்னுக்கு ரெண்டு ரயர் மட்டும் மாத்தலாமோ?

உங்க வண்டியில நடுவுலயும் டிஃபரன்ஷியல் இருக்கு, அதனால ஃபோர்-ஹையில முறுக்கு ஏறாது. ஆனா கூடவே விஸ்கஸ் கப்ளிங் (ரெண்டு ஷாஃப்ட்டையும் திரவத்தால இணைக்கிற பெட்டி) இருக்கு. வித்தியாசம் ஓயாம இருந்தா உள்ளே இருக்கிற சிலிகான் திரவம் சூடாகிக்கிட்டே இருக்கும். நாலையும் அளந்து பார்த்துட்டு முடிவெடுங்க. அந்த நடு டிஃபரன்ஷியலை லாக் பண்ணினா உங்களதும் குன்னூர் தம்பியோட தார் ஜீப்பும் ஒண்ணுதான்.

டொராண்டோ: சுபாரு. குழியில ஒரு டயர் கிழிஞ்சுது. நாலும் வாங்குன்னு சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?

இந்தத் தடவை இல்லைங்க. நாலு டயர் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள்ள இருக்கணும்னு சுபாருவே சொல்லுது. பட்டன்ல பார்த்தா அது வெறும் 1 மி.மீ. தேய்மானம். உங்க வண்டி எப்பவும் நாலு சக்கரத்துல ஓடுது, டூ-ஹைன்னு தப்பிக்க வழியில்லை. ஆட்டோமேட்டிக்கா இருந்தா நடுவுல கிளட்ச் தட்டுகள் இருக்கும். சக்கரம் வேற வேற வேகத்துல சுத்தினா அதுங்க ஓயாம உரசிச் சூடாகும். மத்த மூணும் பாதி தேஞ்சிருந்தா, புது டயரை அதே அளவுக்குச் சீவித் தர்ற கடை உங்க ஊர்ப்பக்கம் இருக்கும், விசாரிங்க. நம்ம ஊர்ல புது டயரைச் சீவுன்னா அடிக்க வருவாங்க.

கோத்தகிரி: இவ்வளவு எதுக்கு? பெரிய டயர்ல காத்தைக் குறைச்சா அளவு சமமாயிடும். எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்.

ஆகாதுங்க. ரேடியல் டயருக்குள்ள பட்டனுக்கு அடியில எஃகுப் பட்டை சுத்தி ஓடுது. காத்தைக் குறைச்சா டயர் அமுங்கும், பட்டை நீளம் அப்படியே இருக்கும்.

திண்டுக்கல்: நான் இயற்பியல் ஆசிரியர். அச்சுக்கும் தரைக்கும் உள்ள ஆரம் குறைந்தால் சுற்றளவும் அதே விகிதத்தில் குறையத்தானே வேண்டும்?

சார், வட்டமா இருந்தாத்தானே அந்தச் சூத்திரம்? அடியில தட்டையாயிடுச்சே! புல்டோசர் செயினைப் பாருங்க. இறுக்கினாலும் தொங்க விட்டாலும் ஒரு சுத்துக்கு அதே நீளம்தான் தரையில படுக்கும். ரேடியல் டயர் கிட்டத்தட்ட அந்த ஜாதி.

கோத்தகிரி: வாயால சொன்னா ஆச்சா? காமிங்க.

நீங்களே பாருங்க. சமதரையில வண்டியை நிறுத்தி, டயர்லயும் தரையிலயும் சாக்பீஸ் கோடு போடுங்க. பத்து சுத்து தள்ளி, டேப் வெச்சு அளங்க. காத்தை 10 பிஎஸ்ஐ இறக்கி, திரும்பவும் அளங்க. அச்சு உயரத்தையும் ரெண்டு தடவை குறிச்சுக்குங்க.

சேலம்: ஸ்டெப்னி மட்டும் புதுசு, மாட்டலாமா?

ஒத்த டயர்னா அந்த ஆக்சில்ல சராசரி பாதிதான் மாறும், ஆனா அந்த ஆக்சில் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டுலயும் ஓயாம வேலை செய்யும். பஞ்சர் கடை வரை போகலாம். காஞ்ச தாரில் ஃபோர்-ஹை வேண்டாம்.

கரூர்: எந்த கம்பெனி டயர் நல்லது?

நான் டயர் விக்கிறதில்லை.

ஓசூர்: ஹைவேயில ஃபோர்-ஹை போட்டா கிரிப் கூடும்னு…

மூணாவது தடவை. வேண்டாம்.

பொள்ளாச்சி: ஸ்டெப்னி புதுசா இருந்தா…

சேலத்துக்குச் சொன்னதைப் படிங்க.

கோத்தகிரி: அளந்துட்டேன். அச்சு 11 மி.மீ. இறங்குச்சு. பத்து சுத்துக்கு 9 செ.மீ.தான் குறைஞ்சுது.

திண்டுக்கல்: என் சூத்திரப்படி 69 செ.மீ. குறைந்திருக்க வேண்டும்! நாளை வகுப்பில் இதைச் செய்யப் போகிறேன்.

கோத்தகிரி: ஆனா எங்க அப்பா ஜீப்ல கண்ணால பார்த்திருக்கேன். காத்தை இறக்கினதும் லிவர் லேசாச்சு.

அப்பா சொன்னதும் பொய் இல்லைங்க. அந்தக் காலத்து ஜீப்ல நைலான் டயர், எஃகுப் பட்டை கிடையாது. காத்தைக் குறைச்சா சுற்றளவு இதைவிடக் கூடவே குறையும். உங்க வண்டியில ரேடியல். அவர் வைத்தியம் அவர் டயருக்கு.

ஈரோடு: ரீபட்டன் டயர் (பழசுல புதுப் பட்டன் ஒட்டினது) ரெண்டு, புதுசு ரெண்டு. ஓகேவா?

அளக்காம நான் எப்படிச் சொல்ல?

ஈரோடு: டேப் இல்லைங்ணா. நூல் போதுமா?

போதும். ரப்பர் மாதிரி இழுபடாத நூலா இருக்கணும், சாக்கு தைக்கிற சணல் நல்லது. நாலுலயும் ஒரே காத்து வெச்சு, சக்கரத்தைத் தூக்கி, நடுப் பட்டன் மேல ஒரு சுத்து. நாலு சணலையும் ஒண்ணா ஆணியில மாட்டித் தொங்க விட்டுப் பாருங்க, எது குட்டைன்னு உங்க வீட்டுக் குழந்தையே சொல்லும்.