கொட்டேஷனின் கீழ்ப்பாதியில்தான் பேரம்

கேள்வி: கரூர் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சிமென்ட், பிவிசி பைப், சில சமயம் கம்பி ஏற்ற புது பிக்கப் வாங்கப் போகிறேன். ஒரு நடைக்கு 30 மூட்டை போகும். ‘1.3 டன் வண்டி ஸ்டாக்கில் இருக்கிறது, அதையே எடுங்கள், பின்னால் ஸ்பிரிங் பட்டை சேர்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் ஷோரூம்காரர். எக்ஸ்-ஷோரூம் 8,85,000, இன்ஷூரன்ஸ் 58,000, ‘ஆர்டிஓ மற்றும் இதர செலவு’ 67,000. இன்ஷூரன்ஸும் 8 லட்சம் லோனும் அவர்கள் மூலமே எடுத்தால் 25,000 தள்ளுபடியாம். இன்னும் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

பதில்: விலைக்கு முன்னால் பட்டை விஷயத்தை முடித்துவிடுவோம். 30 மூட்டை என்றால் 1,500 கிலோ. ஓட்டுநரும் லோடுமேனும் ஏறினால் இன்னும் 140 கிலோ. ஆக, உங்களுக்கு வேண்டியது 1.7 டன் வண்டி. 1.3 டன் வண்டியில் சட்டப்படி ஏற்றக்கூடியது 23 மூட்டைதான். கூடுதல் பட்டை போட்டால் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக், ஆக்ஸில், டயர் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவை. ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையும் (வண்டியும் பாரமும் சேர்த்து) ஒரு கிலோகூட ஏறாது. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதோடு உபரிச் சரக்கை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். பட்டை சேர்த்த வண்டிக்கு வாரன்டி கேட்டுப் போனால் என்ன பதில் வரும் என்பதையும் அதே ஷோரூம்காரரிடம் எழுதிக் கேளுங்கள்.

சின்ன வண்டிக்கு உண்மையான ஒரு வசதி உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. 1.7 டன் வண்டி அந்த வரம்பைத் தாண்டிவிடும், பெர்மிட் எடுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) உரிமத்தில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

தொட்டி நீளத்தைப் பைப்பை வைத்து முடிவு செய்யுங்கள். 3 மீட்டர் பைப் 10 அடித் தொட்டிக்குள் படுக்கும். 9 அடியில் வெளியே நீட்டும். 6 மீட்டர் பைப்பும், மடக்கிய 12 மீட்டர் கம்பியும் எந்த பிக்கப்பிலும் அடங்காது. சரக்கு நீட்டிக்கொண்டு போனால் அதற்குத் தனியாக 20,000 அபராதம். கம்பியை மொத்த வியாபாரியின் லாரியிலேயே நேராக வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பவர் ஸ்டீயரிங் கட்டாயம் வேண்டும். ஏசி, கரூர் வெயிலுக்கு வீண் செலவல்ல. சீட் கவர், மேட், மியூசிக் சிஸ்டம், அடிப்பூச்சு எதையும் ஷோரூமில் வாங்காதீர்கள். டீசலா சிஎன்ஜியா என்றால் உங்கள் நடையைப் பாருங்கள். பிஎஸ்6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் வடிகட்டி, அதில் சேரும் கரியை வண்டி சூடாக ஒரே சீராக ஓடும்போதுதான் எரிக்கும். நாள் முழுக்க இரண்டு, மூன்று கிலோமீட்டர் டெலிவரி மட்டுமே என்றால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும், அப்போது சிஎன்ஜி பாருங்கள். வாரத்தில் சில நாளாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடும் என்றால் டீசலே சரி.

இனி விலை. எக்ஸ்-ஷோரூம் விலையில் டீலருக்கு விட்டுக்கொடுக்க இடம் கொஞ்சம்தான். அவர் சம்பாதிப்பது இன்ஷூரன்ஸ் கமிஷனிலும், லோன் கம்பெனி தரும் பங்கிலும், ‘இதர’ என்ற அந்த ஒரு வார்த்தையிலும். 67,000 ரூபாயை ஒரே வரியில் எழுதிய தாளை அப்படியே திருப்பிக் கொடுங்கள். சாலை வரி, பதிவுக் கட்டணம், பெர்மிட் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வரட்டும். அரசுக்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பரிவாகன் என்ற அரசுத் தளத்தின் ரசீது உண்டு. ரசீது எவ்வளவோ அவ்வளவுதான் தருவேன் என்று சொல்லுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ், டிப்போ சார்ஜ் எந்தச் சட்டத்திலும் இல்லை, அடித்துவிடுங்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் 2019 ஏப்ரலிலிருந்து வண்டியோடு வர வேண்டியது. எல்லாவற்றையும் ஆன்லைன் ஆக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் துறையில் இன்னும் ‘ஆபீஸ் செலவு’ என்று ஒரு தொகை எப்படி ஓடுகிறது என்று கேட்டால், யாருமே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

லோன்தான் பெரிய பள்ளம். உங்களிடம் சொல்லியிருப்பது பெரும்பாலும் ‘7 சதவீதம்’ போன்ற ஃபிளாட் வட்டியாக இருக்கும், அதாவது கடன் குறையக் குறைய வட்டி குறையாது, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி. 8 லட்சத்துக்கு 4 ஆண்டு 7 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி 2,24,000. மாதத் தவணை 21,333. குறையும் நிலுவைக் கணக்கில் இது ஏறக்குறைய 12.7 சதவீதம். உங்கள் வங்கி அதே கடனை 10.5 சதவீதக் குறையும் வட்டியில் தந்தால் மொத்த வட்டி சுமார் 1,83,000. 25,000 தள்ளுபடி தந்துவிட்டு 41,000 கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து கடன் தருபவர் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளைத் தந்தாக வேண்டும். அதில் ஏபிஆர் என்ற எண்ணை (கட்டணங்களும் சேர்த்த உண்மையான வருட வட்டி) மட்டும் பாருங்கள். அந்தத் தாள் வராமல் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தவணையைச் சொல்லி விலை பேசுகிறவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயித்தது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். சொந்தச் சேதப் பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ‘எங்களிடம் எடுத்தால்தான் கேஷ்லெஸ்’ என்பதை நம்ப வேண்டாம். கேஷ்லெஸ் என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம், பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்ததல்ல. எங்கே எடுத்தாலும் ஐஎம்டி 23 என்ற கூடுதல் பிரிவு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு வண்டிப் பாலிசியில் அது இல்லையென்றால், சின்ன விபத்தில் உடையும் பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பெயின்ட் எதற்கும் பணம் வராது. மலிவான பாலிசி மலிவாக இருப்பதற்கு அதை உருவிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொட்டேஷனில் யாரும் சொல்லாத ஒன்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் எந்தத் தள்ளுபடியையும்விட அது பெரியது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உங்கள் 8,85,000-க்குள் 1,35,000 ஜிஎஸ்டிதான். கார் வாங்கினால் அந்த வரியை இன்புட் எடுக்க, அதாவது கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. அதை வைத்து ‘வண்டிக்கு இன்புட் கிடையாது’ என்று சில கணக்காளர்களே சொல்லிவிடுகிறார்கள். சரக்கு ஏற்றும் வண்டிக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் விற்கும் சிமென்டுக்கும் பைப்புக்கும் வரி உண்டு, கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் முழுத் தொகையும் எடுக்கலாம். நிபந்தனை: பில்லில் உங்கள் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், அது ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கொள்முதல் வரியைக் காட்டும் 2பி பட்டியலிலும் வர வேண்டும். புக்கிங் படிவத்திலேயே எண்ணை எழுதவையுங்கள். பில் போட்ட பிறகு மாற்றச் சொன்னால் அலைய விடுவார்கள். காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) இருந்தால் இன்புட் கிடையாது. காய்கறி மாதிரி வரியில்லாச் சரக்குக்கு மட்டும் ஓட்டினாலும் கிடையாது. எடுத்த வரித்தொகைக்குத் தேய்மானம் காட்டக்கூடாது, பின்னால் வண்டியை விற்கும்போதும் ஜிஎஸ்டி வரும். இவற்றைக் கழித்தாலும் பணம் உங்கள் கையில்தான். எக்ஸ்-ஷோரூம் 10 லட்சத்தைத் தாண்டும் வகை எடுத்தால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். பத்துக்குள் இருக்கும் வண்டிக்கு அந்த வரி வந்தால் தவறு.

ஆக, 1.7 டன்னுக்கு இரண்டு, மூன்று டீலர்களிடம் வரிவரியாகப் பிரித்த புரோஃபார்மா (முன்விலைப் பட்டியல்) வாங்குங்கள், மாதக் கடைசி வாரத்தில். இன்ஷூரன்ஸும் லோனும் வெளியில் எடுக்கிறேன், தள்ளுபடி எவ்வளவு என்று கேளுங்கள். 25,000 அப்போதும் நிற்கலாம், பத்தாயிரமாகச் சுருங்கலாம். சுருங்கினாலும் உங்களுக்கு லாபம். மீதிப் பணத்தைச் சேஸிஸ் எண் ஒதுக்கிய பிறகு, வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். வண்டியில் உள்ள சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் படிவம் 21 (விற்பனைச் சான்று), 22 (தயாரிப்பாளரின் தகுதிச் சான்று) இரண்டோடும் ஒப்பிடுங்கள். போன வருடத் தயாரிப்பு என்றால் மறுவிற்பனையில் ஒரு வயது கூடும். அதற்குத் தனியாகத் தள்ளுபடி தராவிட்டால் வேறு வண்டி கேளுங்கள்.