வேலியில் குருவி திரும்ப வருமா?

கேள்வி: வயலைச் சுற்றியுள்ள உயிர்வேலியை வருடா வருடம் ஒட்ட வெட்டுகிறோம். முன்பு வந்த குருவிகளைக் காணோம். வெட்டாமலே விட்டுவிடலாமா?

பதில்: அப்படி விடாதீர்கள். செடிகள் மேலே உயர்ந்துகொண்டே போய், தூர்ப் பக்கம் வெறிச்சோடிவிடும். குருவிக்கு வேண்டியது அடியிலிருந்தே அடர்ந்த புதர்.

நானும் முன்பு உங்களைப் போலத்தான் வெட்டினேன். ஒருமுறை வெட்டிய கிளைகளை அள்ளும்போது கையில் ஒரு கூடு தட்டுப்பட்டது. உள்ளங்கை அகலம்தான். உள்ளே மூன்று முட்டைகள், இன்னும் சூடாக இருந்தன. அதன் பிறகு கூடு கட்டும் காலத்தில் நான் வேலியில் அரிவாள் வைப்பதே இல்லை.

இன்னொன்று, பல வேலிச்செடிகள் போன வருடம் வளர்ந்த குச்சியில்தான் பூக்கும். அதை வருடந்தோறும் நறுக்கினால் பூ ஏது, பழம் ஏது? தேனீக்கும் ஒன்றுமில்லை, பறவைக்கும் ஒன்றுமில்லை. வேலியை மூன்று பங்காக்கி, வருடத்துக்கு ஒரு பங்கு மட்டும் வெட்டுங்கள். அதையும் பழம் தீர்ந்த பிறகு, கூடு கட்டத் தொடங்கும் முன்பு செய்யுங்கள். போன முறை வெட்டிய இடத்துக்கு நாலு விரல்கடை மேலே வெட்டினால் போதும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டினால் கிளை முண்டு முண்டாகி, தழைவது குறைந்துவிடும்.

அப்புறம், வேலியடியில் 2 மீட்டராவது புல்லை விட்டுவையுங்கள். அங்கே உழவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். பயிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் தங்குவது அந்தப் புல்லில்தான். இடைவெளி விழுந்த இடத்தில் ஒரே செடியாக நடாமல், வெவ்வேறு காலத்தில் பூப்பவற்றைக் கலந்து நடுங்கள்.