பழைய ஆட்டோபைலட்டும் ஓபன்சிபிஎன்னும் பேசிக்கொள்ள

லேப்டாப்பில் ஓபன்சிபிஎன் (கடல் வரைபட வழிகாட்டி மென்பொருள்) ஓடுகிறது, யுஎஸ்பி-சீரியல் கேபிளும் போட்டாயிற்று, ஆனால் படகைத் தானே திருப்பி ஓட்டும் பழைய ஆட்டோபைலட் கருவி ‘தரவு இல்லை’ என்றே காட்டுகிறது என்கிறீர்கள்.

முதலில் வேகம். பழைய பைலட்டுகள் பேசுவது என்எம்இஏ 0183, அதாவது படகுக் கருவிகள் தரவு பரிமாறும் ஒரு முறை. அதற்கு நொடிக்கு 4800 பிட். மென்பொருளில் 38400 என்று இருந்தால் பைலட்டுக்கு ஒன்றுமே புரியாது. மென்பொருளில் அந்த இணைப்பின் அமைப்பில் ‘அவுட்புட்’ டிக் ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம், பலர் கோட்டைவிடும் இடம் இது: வழியை வரைந்தால் மட்டும் போதாது, அதை ‘ஆக்டிவேட்’ செய்தால்தான் ஏபிபி (APB), ஆர்எம்பி (RMB) வாக்கியங்கள், அதாவது பைலட்டுக்கு வழி சொல்லும் தரவு வரிகள், வெளியே வரும்.

சரி, வாக்கியம் போகிறது, பைலட் அசையவில்லையா? அதன் தொடக்கத்தைப் பாருங்கள். டாலர் குறியை அடுத்து, அனுப்புவது யார் என்று காட்டும் ‘ஈசி’ (EC) என்ற எழுத்துகள் இருக்கும். சில பழைய பைலட்டுகள் ‘ஜிபி’ (GP) என்று வந்தால்தான் ஏற்கும். இணைப்பு அமைப்பிலேயே இந்த இரண்டெழுத்தை மாற்றலாம். திசைக்கோணத்தில் தசமப்புள்ளி வந்தால் தடுமாறும் பைலட்டும் உண்டு. அப்படியானால் அதே அமைப்பில் ஏபிபி துல்லியத்தை, அதாவது தசம இடங்களை, பூஜ்ஜியமாக்குங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் பைலட்டின் உள்ளீட்டு வயர் இரண்டையும் மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம்.

முதல் சோதனையைத் திறந்த நீரில், சுக்கானில் கைவைத்தபடியே செய்யுங்கள். வழிப்புள்ளி வந்ததும் சில பைலட்டுகள் கேட்காமலே திரும்பிவிடும்.