வண்டி நின்றாலும் 14 மணி நேரம் ஓடும்

கேள்வி: அமெரிக்காவில் புதிதாக லாரி ஓட்டுகிறேன். ஹூஸ்டனில் காலை 6 மணிக்கு வேலை தொடக்கம். சரக்கு ஏற்ற 9 ஆகிவிடும். 800 மைல் தள்ளியுள்ள அட்லாண்டாவுக்கு எப்படித் திட்டமிடுவது?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வுக்குப் பின் 11 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். புதியவர்கள் சிக்குவது இங்கேதான். சரக்குக்காகக் காத்திருந்த 3 மணி நேரமும் அந்த 14-இல் கழியும். உங்களுக்கு இரவு 8 மணியே எல்லை.

சராசரி 55 மைல் வேகம் என்று கணக்கிடுங்கள், வேகப் பலகையை நம்பாதீர்கள். மொத்தம் 8 மணி நேரம் ஓட்டுவதற்குள் 30 நிமிட இடைவெளி கட்டாயம். டீசல் நிரப்பும் நேரத்தையே அதற்குப் பயன்படுத்தலாம், அரை மணி தொடர்ச்சியாக இருந்தால் போதும். அப்படியானால் மாலை 6 மணிவாக்கில் 470 மைல் கடந்து அலபாமா மாநிலத்தின் மொபைல் (Mobile) நகரம். அங்கேயே நிறுத்துங்கள். இருட்டியபின் லாரி நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடும். இடம் தேடி அலைந்தே பலர் எல்லையை மீறுகிறார்கள். மாற்றிடம் ஒன்றையும் குறித்துவையுங்கள்.

விடியற்காலை 4-க்குப் பின் மீதி 330 மைல், 6 மணி நேரம். அட்லாண்டா கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியது. சரக்கு இறக்க நேரம் கேட்கும்போது அதையும் சேருங்கள்.